டோக்கன் கவுண்டரை இரட்டித்தும் காத்திருப்பு ஏன் குறையவில்லை?

சிறு நகரம் ஒன்றில் பொது மருத்துவர் ஒருவரின் கிளினிக்கை நிர்வகிக்கும் நண்பரின் கேள்வி இது. காலை 9 மணி முதல் 1 மணி வரை சராசரியாக 50 நோயாளிகள் வருகிறார்கள். திங்கட்கிழமைகளில் மட்டும் 65 பேர். ஒருவர் உள்ளே வந்து வெளியேற ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகிறது. வாசலில் டோக்கன் போடும் இடத்தில் கூட்டம் முண்டியடித்ததால் இரண்டாவது பதிவுக் கவுண்டரைத் திறந்தார்கள். ஆனால் மொத்த நேரத்தில் ஐந்து நிமிடம்கூடக் குறையவில்லை. இனி இன்னொரு மருத்துவரை வேலைக்கு எடுப்பதா, காத்திருப்புக் கூடத்தைப் பெரிதாக்குவதா, லேபுக்குப் புதிய இயந்திரம் வாங்குவதா என்று கேட்கிறார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நோயாளிக்கு ஆகும் நேரத்தையும் அவரே குறித்து அனுப்பியிருக்கிறார்: பதிவுக்கு 2 நிமிடம், நர்ஸ் எடை, இரத்த அழுத்தம் பார்க்க 3, மருத்துவரிடம் 4, இரத்தம் எடுக்க 4, ரிப்போர்ட்டுடன் மீண்டும் மருத்துவரைப் பார்க்க 2, மருந்துக் கவுண்டரில் 3.

அவருக்கு நான் எழுதியது இது: மூன்றில் எதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் அந்த முடிவைவிட, அதற்கு எப்படி வந்து சேர்கிறோம் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். ஏனெனில் ஆறு மாதம் கழித்து உங்கள் எண்கள் மாறியிருக்கும், அப்போது இதே கணக்கை நீங்களே போட வேண்டியிருக்கும்.

முதலில் அந்த இரண்டாவது கவுண்டர். உங்கள் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் 9 மணிக்கே வந்து நிற்கிறார்கள் என்கிறீர்கள். ஒரே கவுண்டர் இருந்தபோது அந்த 25 பேரும் பதிவை முடித்து உள்ளே செல்ல 50 நிமிடமானது. இப்போது 25 நிமிடத்தில் முடிகிறது. அவர்கள் வாசலில் நின்று கழித்த நேரத்தை இப்போது உள்ளே உட்கார்ந்து கழிக்கிறார்கள், அவ்வளவுதான். நிற்பதைவிட உட்காருவது நல்லது என்பதில் ஐயமில்லை, ஆனால் அதற்காக ஒரு ஊழியரின் முழுச் சம்பளம் தேவையில்லை. வரிசை எந்த இடத்தில் கண்ணில் படுகிறதோ அந்த இடத்தில்தான் குறை என்று எண்ணிவிடுவது எல்லா நிர்வாகிகளுக்கும் நேர்வது. கூட்டம் ஒரே நேரத்தில் வந்தால், எவ்வளவு வேகமாக வேலை செய்யும் முதல் கட்டத்திலும் சற்று நேரத்துக்கு வரிசை தெரியத்தான் செய்யும். நாள் முழுவதற்குமான கணக்கில் எந்தக் கட்டத்தின் திறன் மிகக் குறைவோ, மற்ற எல்லாக் கட்டங்களும் எதன் வேகத்துக்கு மேல் ஓட முடியாதோ, அதைத்தான் தடைப்புள்ளி என்கிறோம். அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது; கணக்குப் போட்டே கண்டுபிடிக்க வேண்டும்.

கணக்கு கடினமானதல்ல. காலை அமர்வு நான்கு மணி நேரம், அதாவது 240 நிமிடம். ஒரு பதிவுக் கவுண்டர் அந்த நேரத்தில் 120 பேரைப் பதிவு செய்ய முடியும். இரண்டு கவுண்டர் 240 பேரை. நர்ஸ் 80 பேரைப் பார்க்கலாம். மருந்துக் கவுண்டரும் 80. லேப் டெக்னீஷியன் 60 பேருக்கு இரத்தம் எடுக்க முடியும், ஆனால் உங்களிடம் பரிசோதனைக்கு அனுப்பப்படுவோர் 20 பேர் மட்டுமே. மருத்துவரிடம் வரும்போதுதான் கதை மாறுகிறது. 50 பேருக்கு நான்கு நிமிடம் வீதம் 200 நிமிடம். பரிசோதனை முடித்து ரிப்போர்ட்டைக் காட்ட வரும் 20 பேருக்கு இரண்டு நிமிடம் வீதம் 40 நிமிடம். ஆக மொத்தம் 240. தாளில் பார்த்தால் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் மருத்துவர் பெரும்பாலும் 9.15-க்குத்தான் நாற்காலியில் உட்காருகிறார் என்றும், இடையில் மெடிக்கல் ரெப்புகளும் தொலைபேசியும் இன்னொரு கால் மணி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கையில் இருப்பது 210 நிமிடம், வேலையோ 240 நிமிடம். சுமை 114 சதவீதம். அமர்வு ஒரு மணிக்கு முடியாமல் தினமும் ஒன்றரை மணிவரை இழுப்பது இதனால்தான்.

இந்தக் கணக்கில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. வாசலில் நுழையும் தலைகளை எண்ணினால் 50. மருத்துவரின் அறைக்கதவு திறப்பதை எண்ணினால் 70. ஒரே நோயாளி ஒரே கட்டத்துக்கு இரண்டு முறை வரும் எந்த அமைப்பிலும், அது வங்கியில் கையெழுத்து விடுபட்ட படிவமானாலும் பட்டறைக்குத் திரும்பி வரும் வண்டியானாலும், அந்தத் திரும்பும் வரவு புதிய வரவின் இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு கட்டத்தின் சுமையைக் கணக்கிடும்போது ‘எத்தனை பேர்’ என்று கேட்காமல் ‘எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம்’ என்று கேட்க வேண்டும்.

மேலே போகும் முன் அளவீட்டைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் தவறான எண்ணிலிருந்து தொடங்கினால் பிறகு செய்வதெல்லாம் வீண். மருத்துவரிடம் ஆகும் நேரத்தை அவர் பேசத் தொடங்குவதிலிருந்து முடிப்பதுவரை அளந்தால் போதாது. ஒருவர் உள்ளே நுழைந்த நொடியிலிருந்து அடுத்தவர் உள்ளே நுழையும் நொடிவரை அளக்க வேண்டும். முதியவர் எழுந்து நடப்பது, பழைய சீட்டுகளைப் பையில் தேடுவது, கூட வந்தவர் வாசலில் நின்று இன்னொரு சந்தேகம் கேட்பது எல்லாம் மருத்துவரின் நேரத்தில்தான் கழிகின்றன. டோக்கன் சீட்டிலேயே ஒவ்வொரு கட்டத்திலும் மணியைக் குறிக்கச் சொன்னால் ஒரு வாரத்தில் போதுமான தகவல் சேர்ந்துவிடும். திங்கட்கிழமையையும் ஊரில் சந்தை கூடும் நாளையும் தனியாக எழுதி வையுங்கள். கூட்டமான நாளையும் காலியான நாளையும் கூட்டி வகுத்து வரும் சராசரி எந்த நாளுக்கும் பொருந்தாது.

கடிகாரமே இல்லாமல் காத்திருப்பைக் கணிக்கவும் ஒரு வழி உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதியின்படி, ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருப்பவர்களின் எண்ணிக்கை, அது மணிக்கு எத்தனை பேரை அனுப்பி வைக்கிறது என்பதை, ஒருவர் உள்ளே இருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கிய தொகைக்குச் சமம். அரை மணிக்கு ஒருமுறை கூடத்தில் இருக்கும் தலைகளை எண்ணி, சராசரி 24 என்று வந்து, மணிக்கு 12 பேர் வெளியேறுகிறார்கள் என்றால், ஒருவர் உள்ளே இரண்டு மணி நேரம் இருக்கிறார் என்று பொருள். உங்கள் மதிப்பீட்டோடு இது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஓர் எச்சரிக்கை: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்க்க வேண்டியவர்கள் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தால் அவர்களை இந்த எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அது உடலியல் கேட்கும் நேரம், உங்கள் அமைப்பு உண்டாக்கிய நேரமல்ல. எந்த மருத்துவரை வேலைக்கு எடுத்தாலும் அது குறையாது.

பரிசோதனை ஏதுமில்லாத ஒரு நோயாளிக்கு உண்மையில் நடக்கும் வேலை, பதிவு முதல் மருந்து வரை, 12 நிமிடம்தான். இரண்டு மணி நேரத்தில் 12 நிமிடம் போக மீதமெல்லாம் காத்திருப்பு. ஆகவே ஊழியர்களை விரட்டி ஒவ்வொரு வேலையையும் சற்று வேகப்படுத்துவதால் கிடைக்கப்போவது மிகச் சொற்பம்.

சுமை 100 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் காத்திருப்பு மறைந்துவிடும் என்று நினைப்பதும் சரியல்ல. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த டேனிஷ் கணிதவியலாளர் எர்லாங் 1909-இல் தொடங்கி வைத்த வரிசைக் கோட்பாட்டின் மையப் பாடம் இதுதான்: வருகையும் சேவை நேரமும் ஒழுங்கற்றவையாக இருக்கும் வரை, சுமை நூறை நெருங்க நெருங்கக் காத்திருப்பு நேர்க்கோட்டில் ஏறாது, செங்குத்தாக ஏறும். எல்லாம் தற்செயலாக நிகழும் எளிய மாதிரியில், சுமை 80 சதவீதமாக இருந்தால் ஒருவர் சராசரியாகச் சேவை நேரத்தைப்போல் 4 மடங்கு காத்திருப்பார். 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95 சதவீதத்தில் 19 மடங்கு. கடைசி ஐந்து சதவீதம் தரும் வேதனை முதல் எண்பது சதவீதம் தருவதைவிடப் பல மடங்கு அதிகம். லிட்டிலின் விதி வந்த அதே 1961-இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் கிங்மன் தந்த தோராயச் சூத்திரம் இன்னொன்றையும் காட்டியது: அதே சுமையில்கூட, வருகையிலும் சேவை நேரத்திலும் உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைத்தால் காத்திருப்பும் அதற்கேற்பக் குறையும். நான்கு மணி நேரமே நடக்கும் அமர்வுக்கு இந்தச் சூத்திரங்கள் அப்படியே பொருந்தமாட்டா, ஏனெனில் அவை முடிவில்லாமல் ஓடும் அமைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆனால் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அவை சரியாகவே காட்டுகின்றன. மருத்துவரை ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்க விடாமல் ‘முழுமையாகப் பயன்படுத்துவது’ திறமையான நிர்வாகம் என்று யாராவது சொன்னால், அதன் விலையை வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் கொடுக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். 80-லிருந்து 85 சதவீதத்துக்குள் வைத்திருப்பது என் பரிந்துரை.

அந்த இலக்கை எட்ட வழி மருத்துவரின் எண்ணிக்கையைக் கூட்டுவதல்ல, மருத்துவரின் நிமிடங்களை மீட்பது. இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாகு கோல்ட்ராட் 1980-களில் நிர்வாக உலகில் பரப்பிய கருத்து இங்கே அப்படியே பொருந்துகிறது: தடைப்புள்ளியில் இழந்த ஒரு மணி நேரம் முழு அமைப்பும் இழந்த ஒரு மணி நேரம்; தடைப்புள்ளி அல்லாத இடத்தில் மிச்சப்படுத்திய ஒரு மணி நேரத்துக்கு மதிப்பே இல்லை. மருத்துவர் 9.15-க்கு வந்தால் இழப்பு அவருடைய கால் மணி நேரம் மட்டுமல்ல. அன்றைக்கு வரும் ஏறத்தாழ அனைவரின் கால் மணி நேரமும்கூட.

இதை மிகத் தெளிவாகச் செய்துகாட்டிய நிறுவனம் நம் மதுரையிலேயே இருக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், மிக அரிதான வளம் கண் அறுவை மருத்துவரின் கைகள்தான் என்பது தொடக்கத்திலேயே உணரப்பட்டது. ஆகவே அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேஜைகள். ஒரு மேஜையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயார் செய்யப்படுகிறார். மருத்துவர் ஒன்றை முடித்ததும் திரும்பினால் போதும். கண்ணைக் கழுவுவது, சொட்டு மருந்து விடுவது, பார்வையை அளப்பது, பயத்தைப் போக்கிப் பேசுவது போன்ற வேலைகளைச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்த பெண் பணியாளர்கள் செய்கிறார்கள். இப்படித்தான் அங்கே ஓர் அறுவை மருத்துவர் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளைச் செய்ய முடிகிறது. அதோடு நிற்கவில்லை: கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் இறக்குமதி விலை அடுத்த தடையாக நின்றபோது, 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனம் தொடங்கப்பட்டு லென்ஸ் உள்ளூரிலேயே தயாரானது. ஒரு தடைப்புள்ளியைத் தளர்த்தியதும் அடுத்தது எங்கே என்று தேடும் பழக்கம் அந்த நிறுவனத்தின் வரலாறு முழுவதும் தெரிகிறது.

ஆனால் அரவிந்தை அப்படியே நகலெடுக்க முயலாதீர்கள். கண்புரை அறுவை பெரும்பாலும் ஒரே மாதிரியானது. உங்கள் பொது மருத்துவரின் அறைக்குள் சளியும் வரும், நெஞ்சுவலியும் வரும், வீட்டுப் பிரச்சினையைச் சொல்லி அழுபவரும் வருவார். ஆகவே அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மேஜைகளின் எண்ணிக்கையையல்ல, ‘மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியது எது’ என்ற கேள்வியை. உங்கள் கிளினிக்கில் அந்தக் கேள்வியைக் கேட்டால் கிடைப்பவை இவை. பழைய மருந்துகளின் பெயர்களைச் சீட்டிலிருந்து பார்த்து எழுதுவது, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டுக் குறிப்பது, முந்தைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து மேலே வைப்பது ஆகியவற்றை நர்ஸ் செய்தால் முதல் பார்வை நான்கு நிமிடத்திலிருந்து மூன்றரை நிமிடமாகும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. 50 பேருக்கு 25 நிமிடம் மிஞ்சும். மெடிக்கல் ரெப்புகளை ஒரு மணிக்கு மேல் வரச் சொல்வதற்கு ஒரு பலகை போதும். மருத்துவர் சரியாக 9 மணிக்கு உட்கார வேண்டும் என்பதை அவரிடம் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். மேற்சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள், எண்கள் உங்களைவிட மரியாதையாகப் பேசும்.

பெரிய மீட்பு ரிப்போர்ட் காட்ட வரும் 20 பேரிடம் இருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ பாதி மாதாந்திரப் பார்வைக்கு வரும் சர்க்கரை நோயாளிகள் என்கிறீர்கள். என்ன பரிசோதனை தேவை என்பது அவர்களுக்குச் சென்ற மாதமே தெரியும். மருத்துவர் அப்போதே சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், காலை 7.30-க்கு வெறும் வயிற்றில் வந்து இரத்தம் கொடுத்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, ரிப்போர்ட் கையிலிருக்க ஒரே ஒருமுறை மருத்துவரைப் பார்க்கலாம். பத்து இரண்டாம் வரவுகள் அப்படியே மறையும். 20 நிமிடம் மிச்சம். இப்போது கணக்கை மறுபடி போடுவோம்: முதல் பார்வைக்கு 175 நிமிடம், மீதமுள்ள பத்து ரிப்போர்ட்டுகளுக்கு 20 நிமிடம், ஆக 195, கையில் இருப்பது முழு 240. சுமை 114-இலிருந்து 81 சதவீதத்துக்கு வந்துவிட்டது, ஒரு பைசா முதலீடு இல்லாமல்.

இங்கே நிறுத்திவிட்டால் வேறோர் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கூடுதல் வேலை ஏற்ற நர்ஸுக்கு இப்போது ஒருவருக்கு நான்கு நிமிடம் ஆகும். 50 பேருக்கு 200 நிமிடம், அதாவது 83 சதவீதம். மருத்துவரைவிட நர்ஸ் நெருக்கடியில் இருப்பார், தடைப்புள்ளி ஒரு அறை தள்ளி இடம் மாறியிருக்கும். இதற்குத்தான் அந்த இரண்டாவது பதிவு ஊழியர். எடை, உயரம், வெப்பநிலை பார்ப்பதை அவரிடம் மாற்றுங்கள். நர்ஸின் நேரம் பழைய மூன்று நிமிடத்துக்குத் திரும்பும். தவறான இடத்தில் செலவழித்ததாக நீங்கள் வருந்தும் அந்தச் சம்பளம் சரியான இடத்தில் வேலை செய்யத் தொடங்கும்.

லேப் இயந்திரத்தைப் பற்றி. லேபின் திறனுக்கும் ரிப்போர்ட் வரும் தாமதத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டெக்னீஷியன் 240 நிமிடத்தில் 80 நிமிடம்தான் இரத்தம் எடுக்கிறார். திறனில் குறையே இல்லை. ஆனாலும் ரிப்போர்ட் வர ஒன்றரை மணி நேரமாவது ஏன்? குழாயில் எடுத்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் நிறையும் வரை குழாய்களைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் சுற்றுகிறார். மொத்தமாகச் செய்வது தடைப்புள்ளியில் நேரத்தை மிச்சப்படுத்தும். ஓய்வு நேரம் உள்ள இடத்தில் அது வெறும் தாமதம் மட்டுமே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, குழாய்கள் எத்தனை இருந்தாலும், சுற்றச் சொல்லுங்கள். சீரம், அதாவது உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த திரவம், எடுக்க வேண்டிய குழாயில் இரத்தம் உறைய ஏறத்தாழ அரை மணி நேரம் விட்டாக வேண்டும், அதில் அவசரப்பட்டால் முடிவு கெடும். ஆனால் சர்க்கரைக்கான சாம்பல் நிற மூடியிட்ட ஃபுளூரைடு குழாய்க்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. சர்க்கரை மட்டும் பார்க்கும் நோயாளியை மற்ற குழாய்களோடு சேர்த்துக் காக்க வைப்பது தேவையற்றது. புதிய இயந்திரம் வாங்கினாலும், அதுவும் நிறையும் வரை காத்திருக்கும் பழக்கம் தொடர்ந்தால், ரிப்போர்ட் இதே நேரத்துக்குத்தான் வரும்.

சுமை குறைந்தாலும் 9 மணிக்கு 25 பேர் வந்து நின்றால் என்ன நடக்கும்? மூன்றரை நிமிடம் வீதம் பார்த்தாலும் இருபத்தைந்தாவது ஆள் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் காத்திருப்பார். இதற்கு எந்தச் சூத்திரமும் வேண்டாம், ஒரு வரைபடத் தாள் போதும்: கிடையாக மணியையும் செங்குத்தாக அதுவரை வந்தவர்களின் கூட்டுத்தொகையையும் வைத்து ஒரு கோடு, அதுவரை மருத்துவரைப் பார்த்து முடித்தவர்களின் கூட்டுத்தொகைக்கு இன்னொரு கோடு. எந்த மணியிலும் இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள செங்குத்து இடைவெளி அப்போது காத்திருப்பவர்களின் எண்ணிக்கை. கிடை இடைவெளி ஒருவரின் காத்திருப்பு நேரம். உங்கள் வருகைக் கோடு 9 மணிக்கு சுவர்போல் எழுந்து நிற்கும். சீக்கிரம் போனால்தான் சீக்கிரம் டோக்கன் என்ற விதி இருக்கும் வரை மக்கள் சீக்கிரம்தான் வருவார்கள். அந்தச் சுவரைக் கட்டியது உங்கள் விதிதான், அவர்களின் அவசர புத்தி அல்ல.

ஆகவே வரிசை எண்ணுக்குப் பதில் நேரம் எழுதிய டோக்கன் கொடுங்கள். பிரிட்டனில் மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவுகளை ஆராய்ந்த பெய்லியும் வெல்ச்சும் 1952-இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: தொடக்கத்தில் இரண்டு பேரை வரச் சொல்லுங்கள், பிறகு சராசரிப் பார்வை நேரத்துக்கு ஒருவர் வீதம் வரச் சொல்லுங்கள். முதலில் இரண்டு பேர் எதற்கு என்றால், ஒருவர் வரத் தாமதமானாலும் மருத்துவர் சும்மா உட்காராமல் இருக்க. நம் ஊரில் நிமிடக் கணக்கில் நேரம் கொடுத்தால் நடக்காது. கிராமத்திலிருந்து வருபவரின் நேரத்தைப் பேருந்துதான் தீர்மானிக்கிறது. அரை மணி நேரப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து டோக்கன் மட்டும் கொடுங்கள்; எட்டுப் பகுதிக்கு 40. மீதமுள்ள பத்து இடங்களை நேரம் வாங்காமல் வருபவர்களுக்கும் காய்ச்சல் குழந்தைகளுக்கும் விட்டு வையுங்கள். வெளியூர்ப் பேருந்து வரும் நேரத்தைப் பார்த்து அந்த ஊர்க்காரர்களுக்குப் பகுதி ஒதுக்கினால், அவர்கள் விதியை மீற வேண்டிய தேவையே எழாது. முதல் ஆள் பதிவும் நர்ஸும் முடித்து 9 மணிக்குக் கதவருகில் இருக்க வேண்டுமானால் பதிவு 8.45-க்கே திறந்தாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ரிப்போர்ட்டோடு திரும்புபவர்களை எந்த இடத்தில் நுழைப்பது என்பதில் தினமும் சண்டை வருவதாக எழுதியிருந்தீர்கள். கடைசிக்குத் தள்ளினால் இரண்டு நிமிட வேலைக்கு அவர்கள் இரண்டு மணி நேரம் இருப்பார்கள். வந்தவுடன் எல்லாரையும் விட்டால் புதியவர்கள் கொதிப்பார்கள். சிறிய வேலையை முன்னே விடுவது மொத்தச் சராசரிக் காத்திருப்பைக் குறைக்கும், எனவே நான்கு புதியவருக்கு ஒரு ரிப்போர்ட் என்று ஒரு விதியை எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். பின்வாசல் வழியாக வரும் ‘தெரிந்தவர்கள்’ விஷயம் வேறு. ஒருவர் முன்னே போவதால் மருத்துவரின் மொத்த வேலை கூடுவதில்லை, எல்லாரின் சராசரியும் ஏறத்தாழ மாறுவதில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு நேரமாகும் என்ற கணிப்பு குலைந்து, நேரம் எழுதிய டோக்கனின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். அந்த நம்பிக்கை போனால் மறுநாளே எல்லாரும் பழையபடி விடியற்காலையில் வந்து நிற்பார்கள்.

காத்திருப்புக் கூடத்தைப் பெரிதாக்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலே சொன்னவை நடந்தால் உள்ளே இருப்போர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போகும், இப்போதுள்ள நாற்காலிகளே மிஞ்சும். நிர்வாகவியல் அறிஞர் டேவிட் மெய்ஸ்டர் 1985-இல் எழுதியதுபோல, எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். எனவே கட்டடத்துக்குச் செலவிடுவதற்குப் பதில் ‘இப்போது எந்த டோக்கன் ஓடுகிறது’ என்று காட்டும் ஒரு பலகை வாங்குங்கள்.

இனி இரண்டாவது மருத்துவர். வரிசைக் கோட்பாட்டின்படி, இரண்டு மருத்துவர்கள் ஒரே பொது வரிசையிலிருந்து நோயாளிகளை எடுத்துக்கொண்டால் காத்திருப்பு பாதிக்கும் மேலாகக் குறையும். ஆனால் அந்தக் கணக்கு, வரிசையில் நிற்பவருக்கு எந்த மருத்துவரானாலும் சரி என்ற நிபந்தனையில் நிற்கிறது. உங்கள் ஊரில் மக்கள் கிளினிக்கைத் தேடி வரவில்லை, கைராசிக்காரர் என்று பெயர்பெற்ற அந்த ஒருவரைத் தேடி வருகிறார்கள். புதியவர் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்க, பழையவரின் கதவு முன் அதே கூட்டம் நிற்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். புதியவரை எடுப்பதென்றால், ரிப்போர்ட் பார்ப்பது, இரத்த அழுத்த மருந்தைத் தொடர எழுதிக் கொடுப்பது, கட்டு மாற்றுவது போன்ற பிரிக்கக்கூடிய வேலைகளை, மூத்தவரே ‘அவரைப் பாருங்கள், நான் சொல்லியிருக்கிறேன்’ என்று வாய்விட்டு அனுப்பும் முறையில் ஒப்படைத்தால்தான் திறன் உண்மையில் கூடும்.

அது எப்போது தேவைப்படும் என்பதையும் எண்களே சொல்கின்றன. மாற்றங்களுக்குப் பிறகு ஒரு நோயாளிக்கு மருத்துவரின் 3.9 நிமிடம் செலவாகிறது. 85 சதவீத எல்லைக்குள் நிற்க வேண்டுமானால் நாளுக்கு 52 பேருக்கு மேல் ஏற்க முடியாது. இடைவெளி மிகக் குறுகியது. அதோடு, இப்போது நீங்கள் எண்ணும் 50 என்பது வந்து பொறுத்திருந்தவர்களின் கணக்கு. கூட்டத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பியவர்களும், டோக்கன் வாங்கிவிட்டுப் பாதியில் போனவர்களும் அதில் இல்லை. காத்திருப்பு குறைந்த செய்தி ஊரில் பரவினால் அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வருவார்கள். ஆகவே டோக்கன் வாங்கியும் மருத்துவரைப் பார்க்காமல் போனவர்களை இன்றிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். திங்கட்கிழமை நிலை வேறு: 65 பேருக்கு 253 நிமிடம் தேவை, இருப்பதோ 240, எந்த ஒழுங்கும் அந்த நாளைக் காப்பாற்றாது. மாதாந்திரச் சர்க்கரை நோயாளிகளுக்குத் திங்கட்கிழமை டோக்கனே கொடுக்காமல் புதன், வியாழனுக்கு மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் 52-க்கு மேல் நின்றால், வாரத்தில் அந்த ஒரு காலைக்கு மட்டும் இரண்டாவது மருத்துவரை வரவழையுங்கள். முழுநேரப் பணியமர்த்தலை மற்ற நாட்களின் டோக்கன் சீட்டுகள் கேட்கும்போது முடிவு செய்யலாம்.